பூமயில் களத்து நிழல்

மேலச்செங்கணேந்தலில் பூமயில் தன் மேட்டு நிலத்தில் முள்ளும் நெத்துமாக நின்ற ஒற்றை உடை மரத்தை வெட்டிச் சாய்த்து, அடித்தூரையும் தோண்டி எடுத்து, கிளை கழித்து, கட்டையைப் புருசன் சாத்தையா வேலை பார்க்கிற கரிமூட்டத்துக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் களம் மெழுகச் சாணிக்கூடையோடு வந்து பார்த்தபோது, மரம் இருந்த இடத்தில் மரம் இல்லை, அதன் நிழல் மட்டும் போகாமல் அப்படியே கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள், வெறும் வானம். குனிந்து பார்த்தாள், குடை விரித்த மாதிரி வட்டமான கறுப்பு, சின்னச் சின்ன இலை, இலைக்கு நடுவில் வெயில் பொட்டு, காத்தடித்தால் அதுவும் லேசாக ஆடியது. "அட, இதென்ன கூத்து" என்று சொன்னாள். ஈரம் காய்கிற மாதிரி நிழலும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு, அதன் மேலேயே சாணியைக் கரைத்து ஊற்றி மெழுகிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காயவில்லை. மத்தியானம் களத்து நடுவில் சுருண்டு கிடந்தது, சாயங்காலம் கிழக்கே நீண்டது, மறுநாள் காலையில் மேற்கே படுத்துக்கொண்டது. உயிரோடு இருந்தபோது எப்படிச் சூரியனுக்குத் தக்கபடி நகர்ந்ததோ அப்படியே வேலை தவறாமல் நகர்ந்தது.

அவள் அந்த மரத்தை வெட்டியது ஒன்றும் கொழுப்பெடுத்து இல்லை. அந்தச் சீமையில் வருசத்துக்கு ஒரே வெள்ளாமை, குண்டு மிளகாய். அதைப் பழமாகப் பறித்து, குவித்து மூடி நிறம் ஏற்றி, பிறகு நல்ல வெயிலில் விரித்து, குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கிற வரைக்கும் காயப்போட்டால்தான் வத்தல். வெயில் தப்பிவிட்டால் தோல் வெளுத்துப்போகும், அதற்குப் பேர் சண்டு, சண்டு வத்தலை எந்த யாவாரியும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான். காயப்போடக் களம் வேண்டும். பூமயிலுக்குக் களம் கிடையாது. புருசனுடைய அண்ணன் பெண்டாட்டி சிந்தாமணியின் களத்தில்தான் இத்தனை வருசமும் ஒண்டிக்கொண்டிருந்தாள், அதுவும் ஓரத்து மூலையில், அதுவும் சிந்தாமணியின் பழமெல்லாம் விரித்து முடித்த பிறகு. சந்தையில் யாராவது பூமயிலின் வத்தலைக் கையில் அள்ளி "நல்ல செவப்பா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், "எங்க களத்துல காஞ்சது, அப்புறம் எப்படி இருக்கும்?" என்று சிந்தாமணி முந்திக்கொண்டு பதில் சொல்லுவாள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். போன வருசம் கோடை மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்த அன்றைக்கு, சிந்தாமணி தன் வத்தலுக்குத் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, பூமயில் வத்தலை நனையவிட்டுவிட்டாள். மொத்தமும் சண்டு. மறுநாள் பூமயில் நடுத்தெருவில் நின்றுகொண்டு, "இனிமே ஒன் களத்துல நான் கால வச்சா என்னைப் பொம்பளையின்னு சொல்லாத" என்று ஊர் கேட்கச் சொன்னாள். சொன்னால் சொன்னதுதான். பாகப்பிரிவினையில் அவர்களுக்கு வந்த பூமியெல்லாம் வெடித்துப் பிளக்கிற கரிசல், களத்துக்குத் தோதாக இறுகின தரை அந்த மேடு ஒன்றுதான், மேட்டு நடுவில் அந்த உடை மரம். வேறு என்ன செய்வாள்?

முறை தவறியும் வெட்டவில்லை. அந்த ஊரில் மரம் வெட்டுவதென்றால் முதல்நாள் சாயங்காலமே கோடாலியை மரத்தடியில் சாய்த்துவைத்து, மஞ்சத்தண்ணி தெளித்து, அதில் குடியிருக்கிற ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நாளைக்கு வெட்டப்போறோம், வேற எடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட வேண்டும். விட்டுப்போன ஆள் போகாது. பூமயில் காக்காய்க்குச் சொன்னாள், அணிலுக்குச் சொன்னாள், ஓணானுக்கும் கட்டெறும்புக்கும் குளவிக்கும் சொன்னாள், கிளையில் முனி கினி இருந்தால் அதுக்கும் சேர்த்துச் சொன்னாள். சொல்லும்போது வெயிலுக்கு ஒதுங்கி எதன் மேல் நின்றாளோ, அதற்கு மட்டும் சொல்லவில்லை. இத்தனை தலைமுறையில் யாருமே அதற்குச் சொன்னதில்லை, அதுவரைக்கும் எந்த நிழலும் மரத்தோடு போகாமல் இருந்ததும் இல்லை.

இப்போது அவள் படாத பாடு பட்டாள். விளக்குமாறு போட்டுக் கூட்டினாள், விளக்குமாற்றின் மேல் ஏறிக்கொண்டு கூடவே வந்தது. தார்ப்பாயைப் போட்டு மூடினாள், தார்ப்பாய்க்கு மேலே வந்து படுத்துக்கொண்டது. மேல்மண்ணை ஒரு முழத்துக்குச் சுரண்டி வண்டியில் அள்ளி ஊருக்கு வெளியே கொட்டிவிட்டு வந்தாள், மண் போனது, நிழல் பள்ளத்துக்குள் சௌகரியமாக இறங்கிக் கிடந்தது, பள்ளத்தைத் தூர்க்க இன்னொரு நாள் பாடு. வீட்டில் இருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து வெயிலைத் திருப்பிவிட்டுப் பார்த்தாள், கண்ணாடிக்குள் நிழல் விழுந்ததுதான் மிச்சம். "நீ வெளங்கவே மாட்ட" என்று தரையைப் பார்த்து வைதாள். காத்தடிக்க, அது இலையை ஆட்டியது.

இதில் ஊருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. வெக்கை ஏறுகிற மாசம் அது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டின மட்டும் சீமைக்கருவேலங்காடு, பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும், அடியில் போய் நின்றால் கால் வைக்க இடம் இல்லாமல் முள், தலைக்கு மேலே சல்லடையில் சலித்த மாதிரி வெயில். ஒதுங்குவதற்கு உருப்படியாக இருந்தது அந்த ஒற்றை உடைதான். அதனால் மரம் போய் நிழல் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எல்லாரும் "இருக்குதுல்ல, அது போதும்" என்றார்கள்.

முதலில் வந்தவர் கீதாரி வழிவிட்டான், ஊர் ஆட்டுக் கிடைக்கெல்லாம் அவர்தான் மேய்ப்பாளி. ஆடுகளை நிழலுக்குள் மடக்கிவிட்டு, துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, "மரம் இல்லாட்டி என்ன, மேலேருந்து முள்ளு விழுகாது, இது இன்னும் நல்லது" என்றார். ஆடுகள் தரையில் கிடந்த நெத்துக்காய் நிழலை நக்கிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், அசைபோட்டபடி படுத்துக்கொண்டன. அடுத்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வந்தார்கள், அவர்கள் அங்கே நின்றதால் பஸ்ஸும் அங்கே நின்றது. முன்னெல்லாம் "ஒத்த உடை எறங்கு" என்று கூவின கண்டக்டர், ஒரு நாள்கூட யோசிக்காமல் "ஒத்த நெழலு எறங்கு" என்று மாற்றிக் கூவினார். பஸ் நின்றதால் டீக்கடை பெஞ்சு வந்தது. பெஞ்சு வந்ததால் சீட்டுக்கட்டு வந்தது. காலையில் நிழல் மேற்கே கிடக்கும்போது தண்ணிக்குடத்தோடு வருகிற பெண்களுக்கு, உச்சியில் ஆட்டுக்கு, சாயங்காலம் கிழக்கே நீளும்போது வேலைவெட்டி இல்லாத ஆம்பளைகளுக்கு என்று பேசிவைத்த மாதிரி பங்கு பிரிந்தது. நிழல் எப்படி வந்தது என்று ஒருத்தரும் சண்டை போடவில்லை, அதில் யார் எங்கே உட்காருவது என்றுதான் தினமும் சண்டை.

பஞ்சாயத்துத் தலைவர் மலைச்சாமி இன்னும் ஒரு படி மேலே போனார். பஞ்சாயத்து முத்திரையில் அந்த உடை மரம்தான் ஊருக்கு அடையாளமாக இருந்தது, மரமும் அதன் அடியில் நிழலுக்கு ஒரு கறுப்புக் கோடும். அவர் மரத்தை மட்டும் அழிக்கச் சொல்லிவிட்டு, கறுப்புக் கோட்டை இருக்கட்டும் என்று விட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மரம் வரையச் சொன்னால் ஒரு கறுப்பு வட்டம் போட்டு அதற்கு மேலே ஒன்றும் வரையாமல் நீட்டினார்கள், டீச்சரும் சரி என்று குறி போட்டாள். மரம் வெட்டின விசயமாக விசாரிக்க ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார், நிழலைப் பார்த்தார், அதில் உட்கார்ந்து டீ குடித்தார், அசந்து தூங்கினார், எழுந்து "மரம் இருக்கற மாதிரிதான இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூமயிலின் மிளகாயைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதல் பறிப்பு வந்தது. பழத்தைக் குவித்து மூடி நிறம் ஏற்றி, காலையில் கூடை கூடையாகக் கிழக்கே கொட்டி விரிப்பாள், உச்சியில் நிழல் நடுவுக்கு வரும், அள்ளி ஓரத்துக்குத் தள்ளுவாள், பொழுது சாயத் தொடங்கியதும் நிழல் கிழக்கே வரும், மறுபடியும் அள்ளி மேற்கே ஓடுவாள். ஓடுகிற வழியில் ஆடு குறுக்கே வரும், சீட்டாடுகிறவன் கால் நீட்டிக் கிடப்பான், "யக்கா, பாத்துப் போங்க" என்று அவன் இவளுக்குப் புத்தி சொல்லுவான். ரோட்டில் போடலாம் என்று பார்த்தால், இரண்டு பக்கமும் கருவேலம் அடைத்து, பஸ் ஒன்று போகத்தான் தார் மிச்சம் இருந்தது, அதில் போட்டதைப் பஸ் அரைத்துவிட்டுப் போனது. கடைசியில் அந்தப் பறிப்பில் பாதி சிவப்பு, பாதி வெளுப்பு. பூமயில் வெளுத்த வத்தலை மடியில் போட்டுக்கொண்டு களத்து ஓரத்தில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். சொந்தக் களம், சொந்த மண், சொந்தக் கையால் மெழுகிய தரை, அதில் ஊரே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அவளுடைய மிளகாய்க்குத்தான் இடம் இல்லை.

சாத்தையாவிடம் சொன்னாள். அவன் மூட்டத்தைப் பற்றவைத்தால் புகை அடங்குகிற வரைக்கும் விட்டு நகர முடியாது, நகர்ந்தால் கரி சாம்பலாகிவிடும். சோறு கொண்டுபோனவளிடம் புகைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "பேசாம மதினி களத்துல போட்டுத் தொலையேன் புள்ள. அண்ணன் வீடுதான?" என்றான்.

"இதச் சொல்றதுக்கு நீ ஊமையா பெறந்திருக்கலாம்" என்று தூக்குவாளியை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வருகிற வழியில் சிந்தாமணி குழாயடியில் நின்றாள். அவளாகப் பூமயிலிடம் பேசுவதில்லை, பக்கத்தில் நிற்கிறவளிடம் பேசுகிற மாதிரி காதில் விழப் பேசுவாள். "காக்காய்க்குச் சொன்னாளாம், எறும்புக்குச் சொன்னாளாம், ஓணானுக்குக்கூடச் சொன்னாளாம். நெழலுக்குச் சொன்னாளா? சொன்னாத்தானத்தா போகும், அதுவும் ஒரு குடித்தனந்தான?"

பூமயிலுக்குச் சுருக்கென்றது. அதுதான் சரி என்று அந்த நிமிசமே தெரிந்துவிட்டது, தெரிந்ததால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரில் வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் அன்றைக்கே கோடாலியை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். சிந்தாமணி சொல்லி அதைச் செய்வதா? முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். திரும்பவும் கூட்டினாள், மெழுகினாள், வைதாள், கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டாம் பறிப்பும் பாதிக்குப் பாதி வெளுத்தது. மூன்றாம் பறிப்புதான் பெரும் பறிப்பு, செடியெல்லாம் சிவந்து தொங்கியது, அதுவும் போனால் அந்த வருசமே போன மாதிரி. பழத்தைப் பறித்துக் குவித்து மூடிவைத்த அன்று சாயங்காலம், பூமயில் பல்லைக் கடித்துக்கொண்டு கோடாலியும் மஞ்சத்தண்ணிச் செம்புமாகக் களத்துக்கு வந்தாள்.

அவள் கையில் கோடாலியைப் பார்த்ததும் சீட்டுக்கட்டு நின்றது. தலைவரைக் கூட்டிவர ஒருத்தன் ஓடினான். பொழுது இறங்குவதற்குள் ஊரில் பாதி அங்கே கூடிவிட்டது.

"ஆத்தா, வாயத் தொறந்துறாத" என்று கீதாரி வழிவிட்டான் குறுக்கே வந்து நின்றார். "இந்த வெக்கையில ஆடுக எங்கிட்டு ஒதுங்கும்? நாக்கத் தள்ளிச் செத்துப்போகும்."

"எம் மொளகா அழுகுறது ஒங்க கண்ணுக்குத் தெரியலையாய்யா?"

"தெரியுது, தெரியுது. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் தலைவர் மலைச்சாமி. "முத்திரையெல்லாம் மாத்தியாச்சு. இப்பப் போய் அத வெரட்டினா நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு—"

"மரத்த வெட்டறப்ப எங்க போனீக?" என்றாள் பூமயில். "முந்தின நா சாயங்காலம் கோடாலியச் சாத்தி வச்சிருந்தேனே, எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான போனீக? வேணாம் பூமயிலு, எங்க களத்துல ஒரு மூலையத் தாரோம், காயப்போட்டுக்கன்னு சொல்ல ஒரு நாதி இருந்துச்சா? மரமா நின்னப்ப ஒரு செம்பு தண்ணி ஊத்துன ஆளு இதுல யாரு, கையத் தூக்குங்க பாப்போம்."

யாரும் கையைத் தூக்கவில்லை. கூட்டத்துப் பின்னால் நின்ற சிந்தாமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தாள்.

பூமயில் கோடாலியை எங்கே சாய்ப்பது என்று பார்த்தாள். மரம் இல்லை, தூர்கூட இல்லை. நிழலில் தண்டு விழுந்திருந்த இடத்தில் தரையோடு கிடத்தினாள். மஞ்சத்தண்ணியைத் தெளித்தாள். இனி அவளைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் ஊருக்கு வேறு ரோசனை வந்துவிட்டது.

"சரி போகச் சொல்லு, ஆனா எங்கிட்டுப் போகணும்னு சேத்துச் சொல்லிவிடு. பள்ளிக்கூடத்து முன்னால போயி விழச் சொல்லு" என்றார் தலைவர்.

"பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டிருக்கு, என்னத்துக்கு அங்க? எங்க கெடைக்குப் போகச் சொல்லு ஆத்தா" என்றார் வழிவிட்டான்.

"அப்ப பஸ்ஸுக்கு நிக்கிறவுக?" என்றது டீக்கடை.

குழாயடிக்கு என்றாள் ஒருத்தி, கோயில் வாசலுக்கு என்றான் ஒருத்தன், தலைவர் தன் வீட்டு வாசலுக்கு அடி போடுகிறார் என்று இன்னொருத்தன் கத்தினான், அவன் சட்டையை ஒருத்தன் பிடித்தான், பிடித்தவன் கையை இன்னொருத்தன் தட்டிவிட்டான், நிழல் பாட்டுக்கு அத்தனை பேர் காலடியிலும் மிதிபட்டபடி கிழக்கே நீண்டுகொண்டே போனது. பூமயில் காதைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

"எங்கிட்டும் போய்த் தொல!" என்று தரையைப் பார்த்துக் கத்தினாள். "நாளைக்கு இங்க மொளகா காயணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. வேற எடம் பாத்துக்க. எம் மண்ண விட்டுப் போ!"

பொழுது அடைந்தது. எல்லா நிழலும் இருட்டோடு சேர்ந்துகொண்டது. ஊர் முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனது.

விடிந்து பார்த்தால் களம் பளிச்சென்று கிடந்தது. ஒரு புள்ளி கறுப்பு இல்லை. டீக்கடைக்காரன் பெஞ்சை ஏற்கெனவே தூக்கிவிட்டிருந்தான். பூமயிலுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, வீட்டு நடையில் நின்று எட்டிப் பார்த்தவள், கூடை நிறையப் பழத்தை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாலு எட்டு வைத்ததும் உச்சந்தலை குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள். காலைச் சுற்றிக் குடை விரித்த வட்டம், சின்னச் சின்ன இலை, நடுவில் வெயில் பொட்டு. அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. மண்ணை விட்டுப் போகச் சொன்னாள், மண்ணை விட்டுப் போய்விட்டது. வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், பார்த்துக்கொண்டது.

களத்தில் அவள் கால் வைத்ததும் களம் இருட்டியது. கால் எடுத்ததும் வெயில் வந்தது. திரும்பவும் வைத்தாள், இருட்டியது. விரித்துக் காயப்போட்ட பழத்துக்கு நடுவில் நாள் பூரா நடந்து கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவள் நடக்கிற இடமெல்லாம் நிழல் வரும், நிழல் பட்ட பழம் வெளுக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எனக்குன்னே எங்கருந்துதான் வருது இதெல்லாம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தலைக்கு மேல் கையைத் தூக்கியதால் கைக்கும் நிழல் கிடைத்தது.

ஊரைப் பிடித்த பிரச்சினை ஒரு வழியாகத் தீர்ந்தது. கீதாரியின் ஆடுகள் மோப்பம் பிடித்தபடி வந்து அவளைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. கண்டக்டர் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, "பூமயிலக்கா இன்னிக்கு எங்கன நிக்கிறாக?" என்று கேட்டு, அங்கே நிறுத்தினார். டீக்கடைக்காரன் பெஞ்சைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைந்தான். தலைவர் மலைச்சாமி முத்திரையை மறுபடியும் மாற்றலாமா என்று அவளை ஏற இறங்கப் பார்த்தார், அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். "யாராவது ஒருத்தரு வந்து அந்தப் பழத்த விரிச்சு விடுங்கய்யா, தாயே" என்று அவள் கெஞ்சினாள். நிழலை விட்டுக் கிளம்ப ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. "செத்த இரு, வெயில் தாழட்டும்" என்றார்கள். வெயில் தாழ்ந்த பிறகு மிளகாயைக் காயப்போட்டு என்ன செய்ய?

குவியலில் மூடியிருந்த பழம் வேர்க்க ஆரம்பித்த வாசம் தெருவுக்கே வந்தது. அப்போதுதான் சிந்தாமணி முந்தானையைத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. குவியலைத் திறந்தாள், கூடையில் அள்ளினாள், பூமயில் களத்துக்குள் இறங்கிக் கொட்டினாள், காலாலேயே பரப்பிவிட்டாள்.

பூமயில் களத்து விளிம்பில், நிழல் உள்ளே விழாத தூரத்தில் நின்றுகொண்டு கத்தினாள். "ஒன்னைய யாரு கூப்புட்டா?"

"ஒருத்தரும் கூப்புடல. ரத்தமா கெடக்குற பழத்த அழுகவிட்டுப் பாத்துக்கிட்டிருக்க எனக்கு முடியல" என்றாள் சிந்தாமணி, நிமிராமலே. இன்னொரு கூடையைக் கொட்டிவிட்டு, "அன்னிக்கு மழைக்குத் தார்ப்பாய் ஒண்ணுதான் இருந்துச்சு" என்றாள்.

"ஒண்ணுல பாதிய இழுத்திருக்கலாம்ல?"

"இழுத்திருக்கலாம்." சிந்தாமணி வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்குப் போனாள்.

அன்றைக்கும் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சிந்தாமணிதான் வந்தாள். பூமயில் விளிம்பில் ஆடுகளுக்கு நடுவில் நின்றபடி ஏவினாள். அங்க கனமாக் கெடக்கு, இங்க கலைச்சு விடு, அந்த ஓரத்துல கால் படல. சிந்தாமணி காதில் வாங்கிக்கொள்ளாமல் தன் இஷ்டத்துக்குக் கிளறினாள். தன் களத்தில் தன் மிளகாயைத் தன் கண் முன்னால் இன்னொருத்தி தப்புத் தப்பாகக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கொடுமை எதிராளிக்கும் வரக்கூடாது. ஆனால் வத்தலில் நிறம் ஏறியது. சிவப்பு இறுகி, தோல் மினுங்கி, கிளறும்போது உள்ளே விதை கலகலவென்று பேச ஆரம்பித்தது.

உச்சி வெயில். சிந்தாமணிக்கு முகமெல்லாம் கொதித்து, வேர்வை கண்ணில் இறங்கியது. களத்தை விட்டு வெளியே வந்து, இரண்டு ஆட்டைக் காலால் நகர்த்திவிட்டு, பூமயிலின் நிழலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வடக்கு மூலையக் கிளறல" என்றாள் பூமயில்.

"கிளறிட்டேன்டி."

"எங்க கிளறின? இங்கருந்து பாத்தாலே தெரியுது."

"அப்ப நீயே போய்க் கிளறு."

பூமயில் விறைத்துக்கொண்டு ஒரு எட்டு எடுத்து வைத்தாள். நிழலின் ஓரம் களத்துக்குள் நுழைந்து, முன்வரிசையில் கிடந்த வத்தலின் சிவப்பைத் தொட்டது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"திரும்பவும் ஒருக்கா சொல்லிப் பாரேன், வேற எடம் பாத்துக்கன்னு" என்றாள் சிந்தாமணி, கொஞ்சம் இறங்கின குரலில்.

"சொன்னா? அடுத்து எவ தலையில போயி உக்காரும்? இங்கன பக்கத்துல நீதான இருக்க."

சிந்தாமணி முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். ஆடுகள் அசைபோட்டன. தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. வத்தல் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏ பூமயிலு" என்றாள் சிந்தாமணி. "கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லு. முதுகுல வெயிலு படுது."

பூமயில் வாய்க்குள் வைதுகொண்டே தள்ளி நின்றாள்.